முதல் அறிபுனை நாவலும் சொந்தப் பதிப்பும்: மூலக் கோப்பு முதல் மறு அச்சு வரை

அறிபுனை, அதாவது அறிவியல் புனைகதை நாவல் ஒன்றைச் சொந்தமாகக் கிண்டிலில் வெளியிட்டு, அச்சிலும் கொண்டுவந்து, ஓரிரு ஆண்டுகள் ஓட்டிப் பார்த்த பிறகு உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கதைக்குள் வரும் எண்களும் கோப்பில் இருக்கும் எழுத்துகளும் தொடக்கத்திலேயே ஒழுங்காக இருந்தால் பிற்பாடு வரும் அலைச்சல் பெருமளவு குறையும். அட்டை, விளம்பரம், வெளியீட்டு விழா எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் எண்கள். நாவலின் முதல் அத்தியாயத்துக்கு முன்பே ஒரு விரிதாளைத் திறந்து, கதையில் வரப்போகும் ஒவ்வோர் அளவையும் எழுதி வையுங்கள். சுழலும் விண்வெளி நிலையம் வருகிறது என்று கொள்வோம். பூமியின் ஈர்ப்பை அப்படியே தர வேண்டுமானால், நிமிடத்துக்கு 2 சுற்று சுழலும் வளையத்தின் ஆரம் ஏறத்தாழ 224 மீட்டர் இருக்க வேண்டும். ஆரத்தை 50 மீட்டராகக் குறைத்தால் நிமிடத்துக்கு 4 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். புதிதாக வந்தவர் தலையைச் சட்டென்று திருப்பினால் குமட்டும். 10 மீட்டர் ஆர வளையத்தில் காலில் உணரும் எடைக்கும் தலையில் உணரும் எடைக்கும் 17 சதவீதம் வித்தியாசம். இது தெரிந்துவிட்டால் காட்சி தானாக மாறுகிறது: நிற்பது, தண்ணீர் ஊற்றுவது, பந்து எறிவது எல்லாமே வேறு மாதிரி. கீழே விட்ட கரண்டி நேராக விழாமல் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் விலகி விழும். ஒரு பக்கம் நீளும் விளக்கத்தை விட இந்த ஒரு வரி அதிக வேலை செய்யும்.

செவ்வாய்க் கதைகளில் அதிகம் சறுக்குவது உரையாடல்தான். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ரேடியோ அலை ஒருவழி போக 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். கேள்வி போய்ப் பதில் வர 6 முதல் 44 நிமிடம். ஆகவே தொலைபேசியில் பேசுவதுபோல் வாக்குவாதம் எழுத முடியாது. கடிதம் போல, பதிவு செய்த குரல்போலத்தான் எழுத வேண்டும். செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. ஏறத்தாழ 36 நாளுக்கு ஒருமுறை பூமிக் கணக்கோடு ஒரு முழு நாள் விலகிவிடும். இரண்டு இடத்திலும் கதை மாறி மாறி நடந்தால் தேதிகளுக்கென்று தனித்தாள் கட்டாயம். சூரியன் நடுவில் வரும் காலத்தில், ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வாரம் போலத் தொடர்பே இருக்காது. கதைக்குப் பதற்றம் தேடி அலைபவருக்கு இயற்கையே எடுத்து நீட்டும் திருப்பம் இது.

தமிழ்நாட்டில் களம் அமைப்பவர்கள் இடங்களையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். குலசேகரப்பட்டினத்திலிருந்து சிறிய ராக்கெட்டுகளைத் தெற்கு நோக்கி நேராக ஏவலாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போகிறது. சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவில் போகும் எரிபொருள் பெரிய இழப்பு. குலசையில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியது 2024 பிப்ரவரியில். காவலூர் வானாய்வகத்தில் இருப்பது 2.34 மீட்டர் ஒளியியல் தொலைநோக்கி, ரேடியோ தொலைநோக்கி கிடையாது. வேற்றுக்கிரக சமிக்ஞையை அங்கே ‘கேட்க’ வைத்துவிட்டால், விஷயம் தெரிந்த வாசகர் அந்தப் பக்கத்தோடு மூடிவிடுவார்.

முதல் வரைவு முடிந்ததும் குறைந்தது இரண்டு வகை வாசகரிடம் கொடுங்கள்: இயற்பியல் தெரிந்த ஒருவர், அறிபுனை பக்கமே போகாத ஒருவர். இரண்டாமவரிடம் கருத்து கேட்க வேண்டாம்; எந்தப் பத்தியைத் தாண்டிப் போனார் என்று மட்டும் ஓரத்தில் கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோடுகள் அநேகமாக விளக்கப் பத்திகளின் மேல்தான் விழும். அவற்றை வெட்டி, தகவலை ஒரு செயலுக்குள் நுழைப்பதுதான் இரண்டாம் வரைவின் முழு வேலை.

அடுத்தது கோப்பு. இதில்தான் பணமும் நேரமும் அதிகம் கரைகிறது, ஆகவே சற்று விரிவாக.

ஆரம்பம் முதல் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். தமிழ்99 விசைப்பலகை பழகிக்கொண்டால் நீண்ட உரைக்குக் கை வலிக்காது. கைபேசியில் குரல்வழி எழுதினால் வேகம் வரும், ஆனால் நிறுத்தக்குறிகளும் ஒற்றும் போய்விடும்; திருத்தும் நேரத்தைச் சேர்த்தால் லாபம் குறைவு. எந்த வழியில் எழுதினாலும் சில பிழைகள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ விழுந்திருக்கும். ‘ஔ’ என்பது ‘ஒ’வும் ‘ள’வுமாகப் பிரிந்திருக்கும். ‘கொ’வின் உயிர்க்குறி சில இடத்தில் ஒரே குறியீடாகவும் சில இடத்தில் இரண்டு துண்டாகவும் இருக்கும். திரையில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும், பாத்திரத்தின் பெயரைத் தேடி மாற்றும்போது பாதி இடம் மாறாது. நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழை திருத்தியும் நாவி சந்திப்பிழை திருத்தியும் பெரிய உதவி. கலைச்சொற்களை வாணி பிழையென்று காட்டும். விரிதாளில் கலைச்சொல் பட்டியல் இருந்தால் ஒப்பிட்டுத் தள்ளிவிடலாம்.

அத்தியாயத் தலைப்புக்குத் தலைப்புப் பாணி (ஹெடிங் ஸ்டைல்), பத்தி உள்தள்ளலுக்குப் பத்திப் பாணி, புதிய பக்கத்துக்குப் பக்க முறிவு. டேப், ஸ்பேஸ், காலி என்டர் மூன்றையும் மறந்துவிடுங்கள். மின்னூலில் பொருளடக்கம் உருவாவது தலைப்புப் பாணியிலிருந்துதான். கையால் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் மென்பொருளுக்கு அது தலைப்பென்று தெரியாது.

கிண்டிலில் தமிழ் வந்தது 2016 இறுதியில். கேடிபி எனும் அமேசானின் சொந்தப் பதிப்புத் தளத்தில் வேர்டின் டாக்ஸ் கோப்போ, மின்னூல் வடிவமான ஈபப் கோப்போ ஏற்றலாம். அட்டைக்கு உயரம் 2560, அகலம் 1600 பிக்சல். மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் எனும் நூல் அடையாள எண் தேவையில்லை. இந்தியாவில் 70 சதவீத உரிமத்தொகை வேண்டுமானால் கேடிபி செலக்ட்டில் சேர வேண்டும். இல்லையென்றால் 35 தான். 70 சதவீதத் திட்டத்தில் கோப்பின் அளவுக்கு மெகாபைட்டுக்கு 7 ரூபாய் கழிப்பார்கள். விலை 100 ரூபாய், கோப்பு 2 எம்பி என்றால் 86 ரூபாயில் 70 சதவீதம், அதாவது 60 ரூபாய் சொச்சம். எழுத்துருவையும் பெரிய படங்களையும் உள்ளே திணிக்காமல் 0.3 எம்பியில் முடித்தால் 68 ரூபாய்க்கு மேல் வரும். கிண்டிலிலேயே தமிழ் எழுத்துரு இருப்பதால் திணிக்கத் தேவையும் இல்லை.

செலக்ட் என்பது 90 நாள் தனியுரிமை ஒப்பந்தம். அந்தக் காலத்தில் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி போன்ற கதைத் தளத்திலோ சொந்த வலைப்பூவிலோ தொடராக எழுதிய அத்தியாயங்கள் அப்படியே கிடந்தால் எச்சரிக்கை வரும். மாதிரிக்கு 10 சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை கிடையாது. 90 நாள் முடிந்ததும் ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வெளியேற நினைப்பவர் முன்கூட்டியே அந்தப் பெட்டியில் டிக்கை எடுத்துவிட வேண்டும். பணம் மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்து வங்கிக்கு வரும். வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்தால் அமெரிக்க விற்பனைக்குப் பிடித்தம் 30க்குப் பதில் 15 சதவீதம். 2023 செப்டம்பர் முதல், ஏஐ உருவாக்கிய உரையோ படமோ மொழிபெயர்ப்போ இருந்தால் அறிவிக்க வேண்டும். அட்டைப்படம் வரைந்து தந்தவரிடம் இதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கேடிபியின் அச்சு நூல் சேவை தமிழுக்கு உதவாது. இங்கே உள்ளூர் டிஜிட்டல் அச்சகம்தான். அறிபுனைக்கென்றே ஓர் ஆபத்து இந்த இடத்தில் காத்திருக்கிறது. பக்கங்களை லேஅவுட் செய்பவர் பேஜ்மேக்கர் எனும் பழைய மென்பொருளை வைத்திருந்தால் யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார். சில பழைய குறியீடுகள் ², °, × போன்ற குறிகள் இருக்கும் இடத்திலேயே தமிழ் எழுத்தை வைத்திருக்கின்றன. பாமினி வகை எழுத்துருவோ ஆங்கில எழுத்துகளின் இடத்தையே எடுத்துக்கொள்கிறது. விளைவாக, வெப்பநிலையும் முடுக்கமும் வரும் வரிகளில் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்துகள் முளைக்கும். கணினித் திரையில் ஓடும் ஆங்கில வாசகம் உளறலாகும். சமூக நாவலில் இது பெரிதாகத் தெரியாது, நமக்குப் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். இன்டிசைன் மென்பொருளில் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி காம்போசர் வசதியைத் தேர்ந்து யூனிகோடிலேயே லேஅவுட் செய்யும் ஆளைத் தேடிப் பிடியுங்கள், கூலி சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துரு போதும்.

டெம்மி அளவு, 80 ஜிஎஸ்எம் எடையுள்ள நேச்சுரல் ஷேட் தாள், 11 புள்ளி எழுத்து என்றால் ஒரு பக்கத்துக்கு 220 முதல் 250 சொல் கொள்ளும். 240 பக்க நூலுக்கு முதுகு 12 மில்லிமீட்டர் போல வரும். அந்தத் தாளின் தடிமனை அச்சகத்தில் கேட்டபிறகே அட்டையை முடிக்க வேண்டும். விண்வெளி அட்டை என்றாலே கருப்பும் நீலமும். திரையில் ஒளிரும் நீலம் அச்சில் மங்கி ஊதாப் பக்கம் சாயும். நான்கு மையும் ஏற்றிய அடர்கருப்பில் மெல்லிய வெள்ளை எழுத்து அடைபட்டுப்போகும். ஆசிரியர் பெயரைத் தடித்த எழுத்தில் வையுங்கள். மேட் லேமினேஷன் போட்ட கருப்பு அட்டையில் விரல் தடம் பதியும், முதுகு மடிப்பில் வெள்ளைக் கீறல் விழும். புத்தகக் காட்சியில் நூறு கை பட்டுத் திரும்பும் பிரதியை விற்கவே முடியாது. அடர்ந்த கருப்பை முன்னட்டையோடு நிறுத்தி, முதுகை வெளிர் நிறத்தில் விட்டால் பிரதி நீண்ட நாள் புதிதாக இருக்கும்.

முதலில் ஒரே ஒரு பிரதி அடித்து முழுக்கப் படியுங்கள். பிறகு 30, 50 என்று தேவைக்கேற்ப. 500க்குக் கீழ் ஆஃப்செட் எனும் பெருமளவு அச்சு முறை கட்டுப்படியாவது அரிது. ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 110 ரூபாய், விலை 280 என்று வைத்தால், கடைக்கு 40 சதவீதம் போக 168 கையில் நிற்கும். அச்சுச் செலவு போக 58. இதிலிருந்துதான் போக்குவரத்தும் சேதப் பிரதியும் கழிய வேண்டும். அச்சுச் செலவைப் போல இரண்டரை மடங்குக்குக் கீழே விலை வைத்தால் கடைவழி விற்பனையில் கையில் மிஞ்சுவது இன்னும் குறையும்.

ஐஎஸ்பிஎன் புது தில்லியிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இலவசம்; இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டாம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், ஒன்று சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பை, தில்லி நூலகங்களுக்கு ஒவ்வொன்றும் 30 நாளுக்குள் வெளியிட்டவர் செலவில் அனுப்ப வேண்டும். சொந்தமாக வெளியிடுபவரும் பதிப்பாளர்தான்.

வெளியான பிறகு வாசகர்கள் பிழை சொல்வார்கள், அறிபுனை வாசகர்கள் கணக்கே போட்டு அனுப்புவார்கள். திருத்தத்தை மூலக் கோப்பில் செய்து, அதிலிருந்து மின்னூலையும் அச்சுக் கோப்பையும் புதிதாக எடுங்கள். அச்சுக் கோப்பில் மட்டும் நேரடியாகத் திருத்தினால் அடுத்த முறை பழைய பிழை திரும்பி வரும். கிண்டிலில் புதிய கோப்பை ஏற்றினாலும் ஏற்கெனவே வாங்கியவரிடம் தானாகப் போய்ச் சேரும் என்று எண்ண வேண்டாம். எழுத்துப்பிழை மட்டும் நீக்கிய மறு அச்சுக்குப் பழைய ஐஎஸ்பிஎன்னே போதும். அத்தியாயம் சேர்த்தாலோ முடிவை மாற்றினாலோ அது இரண்டாம் பதிப்பு. புதிய எண் வாங்க வேண்டும், பின்னட்டைப் பட்டைக்குறியையும் மாற்ற வேண்டும்.