சாண்டோரினி பேக்கேஜும் 'ஆர் சிமிலர்' என்ற இரண்டு வார்த்தையும்

கல்யாணமாகிப் பத்தாவது வருஷம். பையனை மாமனார் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்காவது போய் வரலாம் என்று பேச்சு வந்தபோது, மனைவி சொன்ன ஒரே இடம் சாண்டோரினி, கிரீஸில் இருக்கும் தீவு. எனக்கு ஆபீஸில் ஒரு வாரத்துக்கு மேல் லீவு கிடைக்காது. ஏதென்ஸில் ஒரு இரவு, தீவில் மூன்று இரவு, அவ்வளவுதான் முடியும். இத்தனை சின்னப் பயணத்துக்கு நாமே உட்கார்ந்து கப்பல், ஹோட்டல், பஸ் என்று தேட வேண்டுமா, ஒரு ஏஜென்டிடம் கொடுத்துவிடலாமே என்று நினைத்தேன். நீண்ட பயணத்தில் ஒரு நாள் வீணானால் பரவாயில்லை, மூன்று நாளில் ஒன்று போனால் என்ன மிஞ்சும் என்று அப்போது தோன்றவில்லை.

ஏஜென்ட் சென்னைக்காரர். கூட வேலை செய்பவர் ஒருவர் சிபாரிசு செய்தார். வழக்கு நடப்பதால் பெயர் போடவில்லை, உள்பெட்டியில் கேட்டாலும் சொல்ல மாட்டேன், மன்னிக்கவும்.

2025 மே மாதம் பணம் கட்டினேன். இரண்டு பேருக்கும் விமானம், ஹோட்டல், கப்பல் எல்லாம் சேர்த்து ஜிஎஸ்டி உட்பட 4 லட்சம். அதற்கு மேல் டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி) என்று 5 சதவீதம், 20,000 ரூபாய். விசாவுக்குத் தனியாக ஆளுக்கு 18,000. ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசாவின் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, அதாவது அப்போதைய கணக்கில் சுமார் 9,000 ரூபாய். விசா மையத்தின் சேவைக் கட்டணத்தைச் சேர்த்தாலும் கணக்கு இடித்தது. கேட்டேன். "அப்பாயின்ட்மென்ட் சார்ஜ் சார், சீசன் டைம்" என்றார். சரி என்று கொடுத்துவிட்டேன். இந்த 'சரி'யை அந்த மூன்று மாதத்தில் எத்தனை தடவை சொன்னேன் என்று இப்போது வாட்ஸ்அப்பைப் புரட்டிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

விசாவுக்கு அவர் கொடுத்த காகிதக் கட்டில் ஹோட்டல் முன்பதிவு இருந்தது. ஃபிரா என்ற ஊரில், கால்டெரா விளிம்பில், நான்கு நட்சத்திரம். கால்டெரா என்பது எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளம், அதில் கடல் புகுந்து நிற்கிறது. வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமும் கீழே கடலுமாக நாம் பார்க்கும் படங்களெல்லாம் தீவின் மேற்குப் பக்கம் அந்தப் பள்ளத்தைப் பார்த்து நிற்கும் ஃபிரா, இமெரோவிக்லி, ஓயா ஊர்களில் எடுத்தவை. கிழக்குப் பக்கம் நிலம் மெல்லச் சரிந்து சமவெளியாகிவிடும். விமான நிலையம், கறுப்பு மணல் கடற்கரைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். அதுவும் அழகுதான். ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் இந்தப் பக்க அறைக்கும் அந்தப் பக்க அறைக்கும் வாடகை பல மடங்கு வித்தியாசம்.

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து காலைக் கப்பல், எட்டு மணி நேரம். சாண்டோரினியின் ஆதினியோஸ் துறைமுகத்தில் இறங்கி, செங்குத்துப் பாறையில் வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில் வண்டி போனது. மேலே வந்ததும் ஃபிரா பக்கம் போகும் என்று காத்திருந்தோம், நடுவிலேயே திரும்பிவிட்டது. கார்த்தெராடோஸ் என்று போர்டு. ஃபிராவிலிருந்து இரண்டு கிலோமீட்டர் போல இருக்கும் உள்நாட்டுக் கிராமம். அறை சுத்தமாகத்தான் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு மதில், அதன் மேல் துணி காயப்போட்டிருந்தது. என் மனைவி கொஞ்ச நேரம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஏஜென்டுக்குப் போன் போட்டேன். "வவுச்சர் பாருங்க சார்" என்றார். பார்த்தேன். 'கால்டெரா வியூ, ஃபோர் ஸ்டார்' என்று பெரிய எழுத்தில். அதற்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில், 'ஆர் சிமிலர்'. அதாவது, அல்லது அதைப் போன்றது. இதுவும் அதுவும் எப்படி சிமிலர் என்று கேட்டேன். "இரண்டும் சாண்டோரினிதானே சார்?"

ஹோட்டல் நடத்தும் அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். அவரிடம் கோபப்பட ஒன்றுமில்லை. பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிந்துகொண்டு, தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் 15 யூரோ கேட்டார். கிரீஸில் பருவநிலை வரி என்று ஒன்று உண்டு, இரவுக்கு இவ்வளவு என்று ஹோட்டலிலேயே நேரில் கட்ட வேண்டும். முன்பதிவுத் தொகையில் அது சேராது. 'எல்லா டாக்ஸும் இன்க்ளூடட்' என்று ஏஜென்ட் சொன்ன பொய் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த அம்மா மேசையில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். 2025இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அறைக்கு ஓர் இரவுக்கு ஐந்து நட்சத்திரம் 15 யூரோ, நான்கு 10, மூன்று 5, அதற்குக் கீழே 2. எங்களிடம் கேட்டது மூன்று இரவுக்கு 15. அதாவது இது மூன்று நட்சத்திரம். வவுச்சரில் இருந்தது நான்கு. வரி ரசீதே சாட்சி. அந்தச் சின்னச் சீட்டை இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறேன், வக்கீலுக்கு ரொம்பப் பிடித்த ஆதாரம் அதுதான்.

அடுத்ததை அந்த அம்மா காட்டாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியவே வந்திருக்காது. எங்கள் முன்பதிவை அச்செடுத்து வைத்திருந்தார். அதில் பதிவான தேதி, நாங்கள் போய் இறங்கியதற்கு ஒன்பது நாள் முன்னால். மே மாதம் பணம் வாங்கியவர் ஆகஸ்டில்தான் அறை பிடித்திருக்கிறார், அந்த நேரத்தில் மிஞ்சிக் கிடந்ததில் மலிவானதாகப் பார்த்து. அப்படியானால் விசாக் காகிதங்களில் இருந்த ஃபிரா ஹோட்டல்? அன்று இரவே அவர்களுக்கு மெயில் போட்டேன், மறுநாள் காலை பதில் வந்தது: கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய முன்பதிவு, ஜூலையில் ரத்தானது. எங்களுக்கு விசா கிடைத்த அதே வாரம்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு மெயில்தான் செலவு. விசா கைக்கு வந்த அன்றே, வவுச்சரில் இருக்கும் ஹோட்டலுக்கு நீங்களே நேரடியாக எழுதி, உங்கள் பெயரில் முன்பதிவு உயிரோடு இருக்கிறதா, எந்த வகை அறை, பணம் வந்துவிட்டதா என்று கேளுங்கள். ஏஜென்ட் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நடுவில் ஒரு நல்ல விஷயம். பேக்கேஜில் 'தினமும் இண்டியன் டின்னர்' என்று இருந்தது, அப்படி ஒன்றும் அங்கே இல்லை. நாங்கள் சைவம் என்றதும் அந்த அம்மா ஃபாவா செய்து கொடுத்தார். சாண்டோரினியில் விளையும் மஞ்சள் பருப்பை மசித்து, மேலே ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்டது. கண்ணை மூடிக்கொண்டால் நம் வீட்டுப் பருப்பு மசியல். கூடவே தக்காளி வடை மாதிரி ஒன்று. கிரேக்கர்களின் நோன்புச் சாப்பாட்டுக்கு 'நிஸ்திசிமோ' என்று பெயர், கடையில் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டால் இறைச்சி, பால், முட்டை இல்லாததைக் காட்டுவார்கள் என்று சொல்லிக் கொடுத்தார். (மீனுக்குத்தான் அதில் இடமில்லையே தவிர, கணவாய், இறால் வரலாம், அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

அப்புறம் கடைசி நாள். அறைக்கான கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஏப்ரலில் ஏஜென்ட் காட்டிய முதல் திட்டத்தில் ஏதென்ஸ் இரவு கடைசியில் இருந்தது. ஜூலையில் 'சின்ன சேஞ்ச் சார்' என்று அனுப்பியதில் அது முதலுக்கு வந்துவிட்டது. நான் படிக்காமல் 'சரி' போட்டேன். அதன்படி கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்குத் தீவிலிருந்து வேகக் கப்பல், எட்டு மணி போல பிரேயஸ், அங்கிருந்து மெட்ரோவில் ஒரு மணி நேரம் விமான நிலையம், இரவு பதினொன்றரைக்கு விமானம். காகிதத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டு அழகாகத்தான் இருந்தது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நமக்குத் தெரியும். ஏஜியன் கடலுக்கும் ஓர் ஆடிக் காற்று உண்டு. மெல்தேமி என்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து அடிக்கும். வானம் பளிச்சென்று இருக்கும், ஒரு மேகம் இருக்காது, ஆனால் ஆள் நிற்க முடியாது. முந்தின நாள் சாயங்காலமே அந்த அம்மா சொன்னார்: நாளைக்குக் காற்று பலமாக இருக்கும், காலைக் கப்பலில் போய்விடுங்கள். உடனே ஏஜென்டுக்கு எழுதினேன், டிக்கெட்டைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று. வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "லோக்கல் ஆளுங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க சார். என்ஜாய் பண்ணுங்க."

மறுநாள் காலைக் கப்பல் கிளம்பிப் போனது. நாங்கள் ஒன்றரை மணிக்குத் துறைமுகத்துக்கு இறங்கினால், ஜனங்கள் பெட்டிகளை அணைத்துக்கொண்டு சுவரோரமாகக் குந்தியிருக்கிறார்கள். காற்றில் மணல் வந்து பல்லில் கடிபடுகிறது. டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: அபகொரெஃப்திகோ. தடை. நம் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றுவது மாதிரி, காற்று ஒரு அளவைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். பொதுவாக எட்டு பியூஃபோர்ட் (காற்றின் வேகத்தை அளக்கும் அளவு) தொட்டால் பெரிய கப்பலுக்கே தடைதான், வேகக் கப்பல்கள் அதற்கு முன்பே நின்றுவிடும். யாரோடும் சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் இந்தக் காற்று சொல்லாமல் வருவதும் இல்லை. இரண்டு மூன்று நாள் முன்பே வானிலைக் கணிப்பில் பியூஃபோர்ட் எண்ணோடு தெரிகிறது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எங்கள் ஏஜென்டைத் தவிர.

அங்கே மூன்று மணி, இங்கே ஐந்தரை. போன் போட்டேன். "நேச்சுரல் கலாமிட்டி சார், நம்ம கையில என்ன இருக்கு?" அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

நள்ளிரவுக்கு மேல் தடையை நீக்கி ஒரு பெரிய கப்பல் வந்தது. பிரேயஸில் இறங்கும்போது விடிந்துவிட்டது, எங்கள் விமானம் வளைகுடாவைத் தாண்டியிருக்கும். புதிதாக இரண்டு டிக்கெட், 92,000 ரூபாய். கப்பல் ரத்தானால் பணத்தைத் திருப்பித் தரவோ வேறு கப்பலில் ஏற்றவோ வேண்டும் என்பது ஐரோப்பிய விதி, வேகக் கப்பலுக்கும் பெரிய கப்பலுக்கும் உள்ள வித்தியாசத் தொகை எங்களுக்கு வர வேண்டியது. ஆனால் வாங்கியவர் ஏஜென்ட் என்பதால் அது அவர் கணக்குக்குத்தான் போகும் என்றார்கள். இன்றுவரை என்னிடம் வரவில்லை. இன்ஷூரன்ஸ்? அவர் எடுத்துக் கொடுத்தது விசாவுக்குத் தேவையான 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு மட்டும். விமானம் தவறினால் அதில் ஒரு பைசா கிடையாது.

திரும்பி வந்து செப்டம்பரில் ஆடிட்டர் நண்பர் ஒருவரிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார், "அந்த டிசிஎஸ் உன் 26ஏஎஸ்ஸில் ஏறிடுச்சா?" நம் பெயரில் கட்டப்பட்ட வரியையெல்லாம் வருமான வரித் தளத்தில் காட்டும் பக்கம்தான் 26ஏஎஸ். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு வாங்கும் டிசிஎஸ் ஏஜென்டின் பணம் இல்லை. நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்டப்பட்டு, நம் வருமான வரியில் கழிய வேண்டிய பணம். மே மாதம் வாங்கியதற்கு ஜூலை 15க்குள் கணக்குக் காட்டியிருக்க வேண்டும். வருமான வரித் தளத்தில் நுழைந்து பார்த்தேன். அந்த இடம் காலி. 20,000 ரூபாய் அரசுக்குப் போனதாகப் பதிவே இல்லை. நீங்கள் யாராவது இப்படிப் பேக்கேஜ் எடுத்திருந்தால், இதைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் 26ஏஎஸ்ஸைத் திறந்து பாருங்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும்.

முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். ஏஜென்ட் 10,000 தருவதாகச் சொன்னார், அதுவும் அடுத்த பேக்கேஜில் கழித்துக்கொள்ளும் கூப்பனாக. பிறகு வக்கீல் நோட்டீஸ். அதற்கும் பதில் இல்லாததால் நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இணைத்தவை: வவுச்சர், பருவநிலை வரி ரசீது, ஃபிரா ஹோட்டலின் மெயில், காலியான 26ஏஎஸ் பக்கம், அப்புறம் அந்த "என்ஜாய் பண்ணுங்க" ஸ்கிரீன்ஷாட். முதல் வாய்தாவுக்கு எதிர்த்தரப்பு வரவில்லை. அடுத்த தேதி கொடுத்திருக்கிறார்கள்.