ஸ்டென்ட் வைத்துவிட்டு ஆபரேஷனா, நேராக ஆபரேஷனா?

பெரியப்பாவுக்குக் கண் மஞ்சளானதும் முதல் பத்து நாள் கீழாநெல்லியிலேயே போய்விட்டது. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி என்று வந்த பிறகுதான் அவர் மகன் என்னைக் கூப்பிட்டான். "அக்கா, ரெண்டு டாக்டரும் ரெண்டு விதமா சொல்றாங்க, நீயே சொல்லு" என்றான். நான் மயக்க மருந்து டாக்டர். இந்தக் கட்டியை வெட்டியெடுக்கும் விப்பிள் ஆபரேஷன்களில் தலைமாட்டில் நின்றிருக்கிறேன், கத்தி பிடித்ததில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒருவர் சொன்னது: முதலில் எண்டோஸ்கோப்பி வழியாகப் கட்டி அடைத்த பித்தக் குழாயில் ஸ்டென்ட் (வழியைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைத்து, காமாலை இறங்க நாலைந்து வாரம் காத்திருந்து, பிறகு ஆபரேஷன். மற்றவர் சொன்னது: காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் 9தானே, இந்த வாரமே ஆபரேஷன் செய்துவிடலாம். செலவு, இரண்டு முறை அட்மிஷன், அலைச்சல் எல்லாம் எதில் அதிகம் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்டென்ட் வைத்தால் அரிப்பு குறையும், பசி எடுக்கும், தூக்கம் வரும். அந்த நிம்மதி சின்ன விஷயமல்ல.

என்னை நேரடி ஆபரேஷன் பக்கம் சாய்த்தது பித்தநீரில் இருக்கும் கிருமி.

பித்தநீரில் சாதாரணமாகக் கிருமி இருக்காது. பித்தக் குழாய் குடலுக்குள் திறக்கும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை காவல் நிற்கிறது. ஸ்டென்ட் அந்தத் தசையின் நடுவே உட்காருவதால் கதவு இரவும் பகலும் திறந்தே கிடக்கும். ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ் என்று குடலில் இருப்பவை மேலே ஏறி, ஸ்டென்டின் உள்சுவரில் பிசின்போல ஒட்டிக் குடியேறிவிடும். காமாலை இறங்கிக்கொண்டிருக்கும் அதே நாட்களில் பித்தநீர் கெட்டுக்கொண்டிருக்கும். அப்புறம் ஆபரேஷனில் பித்தக் குழாயை வெட்டும்போது அந்த நீர் வயிற்றுக்குள்ளும் வெட்டின தோலின் ஓரங்களிலும் படும். சர்ஜன் எவ்வளவு கவனமாக உறிஞ்சி எடுத்தாலும் கொஞ்சம் படத்தான் செய்யும். பிறகு தையலில் சீழ் வைத்தால், அதில் வளர்வதும் பித்தநீரில் வளர்ந்ததும் பல சமயம் ஒரே கிருமிதான்.

சீழ்தானே, நாலு தையலைப் பிரித்து டிரெஸ்ஸிங் செய்தால் ஆறிவிடும் என்று வீட்டில் சொன்னார்கள். ஆறும். ஆனால் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பின் கீமோ காத்திருக்கிறது. புண் ஆறாதவருக்கு அதைத் தொடங்கத் தயங்குவார்கள்.

நெதர்லாந்தில் 202 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளியானது. பிலிருபின் சுமார் 2.3 முதல் 14.6 வரை இருந்தவர்கள். கடுமையான சிக்கல்கள் நேராக ஆபரேஷன் செய்தவர்களில் 39 சதவீதம், முதலில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 74 சதவீதம். இதை அப்படியே தூக்கிப் பிடிப்பதும் சரியில்லை. இடைவெளியில் பெரும்பங்கு ஸ்டென்ட் வைத்ததாலேயே வந்தது: பித்தக் குழாயில் தொற்று, ஸ்டென்ட் அடைப்பு. ஆபரேஷன் சார்ந்த சிக்கல்களை மட்டும் எடுத்தால் 37க்கு 47, அவ்வளவுதான். அதோடு அங்கே வைத்தது பிளாஸ்டிக் ஸ்டென்ட். உலோக ஸ்டென்டில் அடைப்பும் காய்ச்சலும் குறைவு. ஆனால் உலோகமானாலும் கதவு திறந்துதான் கிடக்கிறது.

ஸ்டென்ட் தவிர்க்க முடியாத இடங்களும் உண்டு. குளிரோடு காய்ச்சல் வந்து பித்தக் குழாயில் ஏற்கெனவே தொற்று இருந்தால், பிலிருபின் மிக அதிகமாக இருந்தால், கீமோ கொடுத்துவிட்டுத்தான் ஆபரேஷன் என்று முடிவானால் வைத்தே ஆகவேண்டும். ஆபரேஷன் தேதி கிடைக்கவே ஒன்றரை மாதம் ஆகும் ஆஸ்பத்திரி என்றாலும் என் வாதம் செல்லாது. கீமோ முதலில் எடுத்தவர்களை நான் பக்கத்திலிருந்து பார்த்தது மிகக் குறைவு. அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது என்றால் ஒன்று கேளுங்கள்: கத்தி வைப்பதற்கு முன் எந்த ஆன்டிபயாடிக்? அதைப் போடுவது எங்கள் வேலை என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. வழக்கமாகப் போடும் செஃபலோஸ்போரின் மருந்துகள் என்டரோகாக்கஸைத் தொடாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 26 மருத்துவமனைகளில் விப்பிள் ஆபரேஷன் செய்துகொண்ட 778 பேரிடம், அந்த வகையைச் சேர்ந்த செஃபாக்ஸிடினையும் வேறு வகையான பிப்பராசிலின்-டாசோபாக்டமையும் ஒப்பிட்டு 2023-இல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் தொற்று, முன்னதில் 32.8 சதவீதம், பின்னதில் 19.8. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். நம் ஊர்க் கிருமிகளின் மருந்து எதிர்ப்பு வேறு மாதிரி என்பதால் இந்த எண்களை இங்கே அப்படியே பொருத்த மாட்டேன். எந்த மருந்தானாலும், பித்தக் குழாயை வெட்டும்போது சில சொட்டு நீரைக் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு) அனுப்பச் சொல்லுங்கள். பின்னால் சீழ் வைத்தால் மருந்தைத் தேடி அலைய வேண்டாம்.

பெரியப்பாவுக்கு நேரடியாகத்தான் செய்தோம். பித்தநீர்க் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, தையலும் சுத்தமாக ஆறியது. ஆனால் இரைப்பை இயங்க அடம்பிடித்து, பன்னிரண்டு நாள் மூக்குக் குழாயோடு கிடந்தார். நேராகச் செய்ததால் அது வராமல் போய்விடவில்லை. அடுத்த கட்டில்காரர் ஸ்டென்டோடு வந்தவர். அவர் புண்ணில் கிளெப்சியெல்லா. நாங்கள் வீட்டுக்குக் கிளம்பியபோதும் தினம் டிரெஸ்ஸிங் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும்.