அம்மாவின் வோக்கர்: இரண்டேகால் வருடப் பாவனைக்குப் பின்

கடந்த சனிக்கிழமை, அம்மா பிடித்து நடக்கும் வோக்கரின் கால் நுனிகளில் மாட்டும் இறப்பரை நான்காவது தடவையாக மாற்றினேன். மாற்றி முடித்துக் கை கழுவிவிட்டு வந்து தொலைபேசியைப் பார்த்தபோது, முன்பு என்னோடு ஒரே பாடசாலையில் கற்பித்த ஆசிரியை ஒருவர் அக்கரைப்பற்றிலிருந்து செய்தி அனுப்பியிருந்தார். அவருடைய தகப்பனார் இடுப்பு மூட்டில் எலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை முடிந்து, வரும் வியாழக்கிழமை வீடு திரும்புகிறாராம். நாங்கள் 8,500 ரூபாய்க்கு வாங்கிய அதே வோக்கர் இப்போது 7,000 ரூபாய்க்குக் கிடைக்கிறதாம். வாங்கலாமா என்று கேட்டிருந்தார். ஆம் என்றோ இல்லை என்றோ எழுதி அனுப்பத்தான் உட்கார்ந்தேன். இரண்டில் எதை எழுதினாலும் அது பாதி உண்மையாகவே இருக்கும் என்று பட்டதால் முழுவதையும் எழுதுகிறேன். எங்களுடையது சக்கரமில்லாத, மடக்கக்கூடிய அலுமினிய வோக்கர்: இரண்டு கையாலும் பிடித்து, தூக்கி முன்னே வைத்து நடக்கும் நான்கு கால் சட்டம்.

முதலில் அந்த இறப்பரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இரண்டேகால் வருடத்தில் என் நித்திரையைக் கெடுத்தது அதுதான். எங்கள் வீடு கல்லடியில், கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. வளவு முழுதும் கடல் மணல். எவ்வளவு கூட்டினாலும் காலோடும் காற்றோடும் அது வீட்டுக்குள் வந்துவிடும். வோக்கரின் இறப்பருக்கும் சீமெந்துத் தரைக்கும் இடையில் அகப்படும் மணல், தச்சர் பலகை தேய்க்கும் மணல் தாளைப் போல ஒவ்வோர் அடியிலும் இறப்பரை அராவிக்கொண்டே இருக்கிறது. அதைவிட மோசமானது உள்ளே நடப்பது. வோக்கரின் கால் ஒரு வெற்றுக் குழாய். அதன் விளிம்பு மெல்லியது. ஆளின் பாரம் இறங்கும்போதெல்லாம் அந்த விளிம்பு இறப்பரை உட்பக்கமாக வட்டமாய் வெட்டுகிறது. நல்ல கால் இறப்பரில் குழாயின் விளிம்பு வந்து அமர்வதற்கென்றே உள்ளே ஓர் உருக்கு வாஷர், அதாவது வட்டத் தகடு, வைத்திருப்பார்கள். எங்களுடையதில் அது இல்லை. பக்கத்திலிருந்து பார்த்தால் இறப்பர் புதிது போலவே தெரியும். கீழே நடுவில் ஓட்டை விழுந்திருக்கும்.

முதல் தடவை அது தேய்ந்தது வாங்கிய ஏழாம் மாதத்தில். “மகள், வழுக்கிறது இதுதான், நான் இல்லை” என்று அம்மா இரண்டு நாள் சொன்னார். எழுபத்தொன்பது வயதில், கிணற்றடியில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டவருக்கு இருக்கக்கூடிய பயம் என்றே நான் நினைத்தேன். மெல்ல நடவுங்கள் அம்மா என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் குசினி வாசலில் வோக்கரின் பின்கால் ஒன்று விலகி ஓடியது. சுவர் பக்கத்தில் இருந்ததால் அம்மா அதில் சாய்ந்து நின்றுவிட்டார். அடி ஏதும் படவில்லை. அவரைக் கதிரையில் இருத்திவிட்டு வோக்கரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பின்கால்களிலும் இறப்பரைத் துளைத்துக்கொண்டு, தேய்ந்து பளபளத்த உலோக வளையம் வெளியே தெரிந்தது. அன்று அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த வளையம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதன் பிறகு தொடங்கியது அலைச்சல். வாங்கிய கடையில் இறப்பர் தனியாக வருவதில்லை, புதிதாக ஒரு வோக்கர் எடுங்கள் என்றார்கள். ஊன்றுகோலுக்கு விற்கும் இறப்பர் எங்கள் வோக்கரின் 25 மில்லிமீற்றர்க் குழாய்க்குச் சிறியது. கதிரைக்காலுக்கு விற்பது கடினமானது, ஈரத் தரையில் பிடிக்காது. சற்றுப் பெரியதை வாங்கித் துணி சுற்றி மாட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நடக்கும்போது கழன்று விழக்கூடிய ஒன்றை ஒரு முதியவரின் காலடியில் மாட்டச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கடைசியில் கொழும்பிலுள்ள உறவினர் ஒருவர் தேடி, வாஷர் வைத்த இறப்பர் நான்கை 1,200 ரூபாய்க்கு வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டார். 1876ஆம் ஆண்டே கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்தில் இறப்பர்க் கன்று நட்ட நாடு இது. இந்த நாட்டில், கைப்பிடிக்குள் அடங்கும் ஓர் இறப்பர்த் துண்டுக்காக மூன்று வாரம் அம்மாவைக் கட்டிலோடு வைத்திருந்தேன். அந்த மூன்று வாரத்தில் அவருடைய தொடைத் தசை இளகியது கண்ணுக்கே தெரிந்தது. அதை மீட்க இரண்டு மாதமானது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, வோக்கர் எங்களுக்குச் செய்ததையும் சொல்லவேண்டியது என் கடமை. வைத்தியசாலையிலிருந்து வந்த முதல் மாதம் அது இல்லாவிட்டால் அம்மா எழுந்தே இருக்கமாட்டார். கடைக்காரர் வைத்துத் தந்த உயரம் பிழையாக இருந்தது. அம்மாவின் தோள்கள் காதுவரை உயர்ந்து நின்றன. வார்டில் இருந்த இயன்மருத்துவர்தான் சரிசெய்து காட்டினார். வீட்டில் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் பிடி இருக்கவேண்டும். பிடித்து நிற்கையில் முழங்கை 15 முதல் 20 பாகை வரை மடிந்திருக்கவேண்டும். நான்கு காலிலும் உயரம் மாற்றும் துவாரங்களை எண்ணி ஒரே அளவில் வைக்கவேண்டும். முதலில் வோக்கர், பிறகு நோவுள்ள கால், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோவுள்ள கால் முன்னே. இந்த வரிசையை அம்மா இன்றும் வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் விறாந்தைப் படியில் இறங்குகிறார். கதிரையிலிருந்து எழும்போது வோக்கரைப் பிடித்து இழுக்கக்கூடாது, அது கவிழ்ந்து மேலே வரும். கதிரையின் கைகளை ஊன்றி எழுந்து நின்ற பிறகே வோக்கரைப் பிடிக்கவேண்டும். ஆகவே கை இல்லாத கதிரை வீட்டில் இருந்தும் பயனில்லை.

வோக்கர் மீது நான் அநியாயமாகப் பழி போட்ட ஒரு நாளும் உண்டு. வீட்டுக்கு வந்த நான்காம் நாள் காலையில், கட்டிலிலிருந்து எழுந்து இரண்டடி வைத்த அம்மா, வோக்கரைப் பிடித்தபடியே தளர்ந்து தரையில் இருந்துவிட்டார். வோக்கர் பாரம் தாங்கவில்லை என்று முடிவுகட்டி, அதைத் திருப்பிக் கொடுக்கப் பற்றுச்சீட்டைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன். அன்று பின்னேரம் வேறு மருந்து வாங்கப் போன இடத்தில், கையிலிருந்த எல்லா மாத்திரைகளையும் மருந்தாளரிடம் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. அம்மா முன்பு தனியார் வைத்தியரிடம் எடுத்துவந்த இரத்த அழுத்த மாத்திரை ஒரு வணிகப் பெயரில் இருந்தது. வைத்தியசாலையில் கடதாசி உறையில் போட்டுத் தந்தது லொசாட்டன் என்ற மருந்தின் சொந்தப் பெயரில் இருந்தது. இரண்டும் ஒன்றே. நான்கு நாட்களாக இரட்டை அளவு கொடுத்திருக்கிறேன். படுத்திருக்கும்போது உள்ள இரத்த அழுத்தத்தின் மேல் எண், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் விழும் ஆபத்து அதிகம் என்று கிளினிக்கில் பிறகு விளக்கினார்கள். தவறு என்னுடையது. பழைய மாத்திரைகளை வார்டுக்குக் கொண்டுபோய், வீட்டுக்கு அனுப்பும்போது தரும் நோய் நிர்ணய அட்டையோடு ஒப்பிட்டு, எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று கேட்டு எழுதி வாங்காமல் அம்மாவை நான் வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கக்கூடாது. இப்போது அம்மா எழுந்ததும் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் இருந்துவிட்டே நிற்கிறார்.

இரவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எங்கள் மலசலகூடம் குந்தியிருக்கும் வகை. அம்மாவைப் போல இடுப்பில் செயற்கை மூட்டு வைத்தவர் குந்தவே கூடாது, இடுப்பு 90 பாகைக்கு மேல் மடியக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கட்டிலருகே மலசலம் கழிக்க வாளி பொருத்தி விற்கும் கொமோட் கதிரையின் வாளியை எடுத்துவிட்டு அதை அப்படியே குழியின் மேல் வைத்தோம். போகும் வழியில் சிறிய மின்குமிழ் ஒன்று விடியும்வரை எரிகிறது. கால் துடைக்கும் மிதியடிகளை எல்லாம் எடுத்துவிட்டோம். அம்மாவுக்கு இவை எதுவும் கடினமாக இருக்கவில்லை. திருவலையில் குந்தித் தேங்காய் துருவக்கூடாது என்றதைத்தான் அவரால் ஏற்கவே முடியவில்லை. மேசை விளிம்பில் பூட்டும் துருவியை வாங்கி, உயரமான கதிரையில் இருத்திக் கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது.

வீட்டுக்கு வெளியே மணல் வேறொரு தொல்லை. வோக்கரின் கால்கள் மணலில் நான்கு விரற்கடை புதையும். ஒவ்வோர் அடிக்கும் அதைப் பிடுங்கி எடுத்து வைப்பதிலேயே அம்மாவின் பலம் போய்விடும். முன்பக்கம் சக்கரம் வைத்த வகை மணலில் இதைவிடச் சிரமம். மேசன் ஒருவரைப் பிடித்து, பின் விறாந்தையிலிருந்து கிணற்றடி வரைக்கும் மூன்றடி அகலத்தில் சீமெந்துப் பாதை போட்டோம். வோக்கரைவிட அந்தப் பாதைக்குத்தான் அதிகம் செலவானது. இந்தக் கரையோர ஊர்களில் வோக்கர் வாங்குகிறவர்கள் அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இந்த வைகாசியில் நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விழுந்ததற்குப் பிறகு அம்மா கண்ணகி அம்மன் சடங்குக்குப் போகவில்லை. இம்முறை சடங்கின் நிறைவான திருக்குளிர்த்திக்காவது போகவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கோயில் வீதி முழுதும் மணல். வாசல் வரைக்கும் ஓட்டோவில் போய், அங்கிருந்து கை வைத்த கதிரையில் இருத்தி, அண்ணனின் மகன்மார் இருவர் தூக்கிச் சென்றார்கள். நான் வோக்கரைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். பூசை நேரம் எல்லோரும் எழுந்து நின்றபோது அம்மாவும் எழவேண்டும் என்றார். மூத்தவன் எங்கிருந்தோ ஓர் அகலப் பலகையைக் கொண்டுவந்து மணலில் போட்டு, அதன் மேல் வோக்கரை வைத்தான். அது அசையவில்லை. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு, பூசை முடியும்வரை தன் காலிலேயே நின்றார். அந்த அரைமணி நேரத்துக்காக அந்த வோக்கருக்கு நான் இன்னும் இரண்டு மடங்கு விலை கொடுக்கவும் ஆயத்தமாக இருந்திருப்பேன்.

ஆயினும் பாருங்கள், கடல் காற்றில் அலுமினியம் தாங்கினாலும் உயரம் மாற்றும் பொத்தான்களின் உள்ளே இருக்கும் வில்லும் திருகாணிகளும் துருப்பிடித்து இறுகிவிட்டன. மடக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்த அம்மாவுக்கு முடியாது, எனக்கே நோகிறது. பிடியில் சுற்றிய பஞ்சு வியர்வையை உறிஞ்சி ஒரு வருடத்திலேயே வெடித்தது. இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். அந்த இறப்பரைப் பொறுத்துக்கொள்ளவே மாட்டேன். நிற்க முடியாத ஒருவர் தன் முழுப் பாரத்தையும் நம்பி இறக்கும் நான்கு இடங்களில் வாஷருக்குக் கஞ்சத்தனம் பார்த்தவர்களுக்கும், அதை விற்றுவிட்டு மாற்று இறப்பர் இல்லை என்று கைவிரித்தவர்களுக்கும் இன்னொரு வீட்டின் பணம் என் வார்த்தையால் போய்ச் சேரக்கூடாது.

ஆகவே டீச்சர், அந்த வோக்கரை வாங்கவேண்டாம். விலை இன்னும் குறைந்தாலும் வாங்கவேண்டாம். எந்தக் கடைக்குப் போனாலும், பணம் கொடுக்கமுன் வோக்கரைத் தலைகீழாகத் திருப்பி ஓர் இறப்பரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே உருக்கு வட்டம் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். அதே அளவில் நான்கு மேலதிக இறப்பர் கைக்கு வந்த பிறகே பற்றுச்சீட்டு எழுதச் சொல்லுங்கள். கையில் பணம் இறுக்கமாக இருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் எடுத்து, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் வியாழக்கிழமைக்குள் அது ஆகாது, அதுவரை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி அவசரத்துக்கு வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத்தான், வீட்டுக்குக் கூட்டிவர அல்ல. கார் ஒன்று பேசி, முன் இருக்கையை முழுதாகப் பின்னுக்குத் தள்ளி, ஒரு தலையணை போட்டு உயர்த்தி, அப்பாவை முதலில் பின்பக்கமாக இருத்தி, பிறகு கால்களை ஒன்றாக உள்ளே திருப்புங்கள். அவருடைய பழைய மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வார்டுக்குக் கொண்டுபோக மறக்கவேண்டாம்.

என்னிடம் 25 மில்லிமீற்றர் இறப்பர் இன்னும் நான்கு இருக்கின்றன. நீங்கள் எடுக்கும் வோக்கரின் குழாய் அந்த அளவென்றால் சொல்லுங்கள், புதன்கிழமை காலையில் அக்கரைப்பற்று பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.