பீட்டாவா, கேலா? வகுப்பையும் சேர்த்துப் பார்த்தால்

2008இல் வெளியான 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலில் நாயகி கேட்னிஸ், அவளை நேசிக்கும் பீட்டா, கேல் இருவரில் யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. பலரும் குணத்தை மட்டும் ஒப்பிடுகிறார்கள். எனக்கு முதலில் தெரிவது அவர்கள் பிறந்த தெரு.

கேல் அவளைப் போலவே சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவன். இருவரின் அப்பாக்களும் ஒரே வெடிவிபத்தில் இறந்தவர்கள். கூடுதல் தானியத்துக்காகத் திரும்பத் திரும்பப் பதிந்ததில், உயிர்ப்பலி கேட்கும் போட்டிக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் அவன் பெயர் 42 முறை இருக்கிறது. பசியை அவளுக்கு விளக்கவே வேண்டாத ஒரே ஆள் அவன்தான்.

பீட்டா ரொட்டிக் கடைக்காரர் மகன், வணிகர் பக்கம். பட்டினி கிடந்த அவளுக்காக ரொட்டியை வேண்டுமென்றே கருக்கி, அம்மாவிடம் அடி வாங்கியவன். ஆனால் அந்த வீட்டிலும் விற்காமல் காய்ந்த ரொட்டியைத்தான் சாப்பிடுகிறார்கள். மேல் வகுப்பு என்றாலும் உயரம் அவ்வளவுதான்! அப்புறம், கேட்னிஸின் அம்மாவும் வணிகர் வீட்டுப் பெண். காதலுக்காகச் சுரங்கத் தொழிலாளியை மணந்தவர். அந்த வகுப்பு எல்லையை ஏற்கெனவே ஒருவர் தாண்டியிருக்கிறார் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கேலின் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் மேயர் மகள் மாட்ஜின் வெள்ளை உடையைப் பார்த்ததும் அந்தக் கோபம் அவள்மீதே பாய்கிறதே, அங்கேதான் எனக்கு மனம் விலகியது. பீட்டாவுக்குக் கொடுப்பது இயல்பாக வருகிறது. இழக்க அவனிடம் கொஞ்சமாவது இருந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம். அதை ஒப்புக்கொண்டே நான் பீட்டா பக்கம் நிற்கிறேன்.