வளவை நிரப்புவதா, அத்திவாரத்தை உயர்த்துவதா?

யாழ்ப்பாணத்தில் பள்ளக் காணியில் வீடு கட்டும் எவருக்கும் இந்தக் கேள்வி வரும். டிப்பர் டிப்பராகக் கிரவல் கொட்டி முழு வளவையும் ஒழுங்கையைவிட உயர்த்துவதா, அல்லது வளவை அப்படியே விட்டு வீட்டு அத்திவாரத்தை மட்டும் உயர்த்துவதா? நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். இன்னொரு வீடு கட்டினாலும் அதையேதான் செய்வேன்.

நிரப்பிய வளவில் வசதி அதிகம்தான். முற்றத்தில் சேறு இருக்காது, வாகனம் வாசல்வரை வரும், வயதானவர்களுக்குப் படி ஏறும் சிரமம் இல்லை. ஆனால் காணி பெரிதாகப் பெரிதாக மண் காசும் ஏறும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது கிணறு. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். சுண்ணாம்புக் கல்லுக்குள், உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கும் மழைநீரைத்தான் வருடம் முழுக்க அள்ளுகிறோம். கார்த்திகையில் முற்றத்தில் ஊறும் தண்ணீர்தான் சித்திரையில் வாளியில் வருகிறது. கிரவலை இறுக்கி, மேலே சீமெந்துக் கல்லும் பதித்தால், அந்த மழைநீர் மண்ணுக்குள் போகாமல் ஒழுங்கைக்குப் போகும். அங்கிருந்து நிரப்பாத பக்கத்து வளவுக்கு. அவர்களும் நிரப்பினால் அதற்கடுத்த வளவுக்கு. 2008 நிஷா, 2020 புரெவி போல ஒரு புயல் மழை வரும்போது அந்தத் தண்ணீருக்குப் போக்கிடமே இருக்காது.

பள்ளமாக விட்ட வளவுக்குப் பராமரிப்பு கூடத்தான் வேண்டும். கிணற்றுக்கட்டு வெள்ள மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். மலசலகூடக் குழி இன்னும் முக்கியம்: சுண்ணாம்புக் கல் வெடிப்புகளால் அழுக்கு வேகமாகக் கிணற்றுக்குப் போய்விடும். ஆகவே கசியாத தொட்டியாகக் கட்டி, உயர்த்தி, கிணற்றிலிருந்து முடிந்தளவு தள்ளி வைத்தோம். வெள்ள நீர் கிணற்றுக்குள் இறங்கிவிட்டால், முற்றம் வடிந்த பிறகு மெதுவாக இறைத்துக் குளோரின் போட வேண்டும். ஒரேயடியாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும். அதுவரை கொதித்தாறிய தண்ணீரும் போதாது, குடிக்க வேறு தண்ணீர் எடுப்பது நல்லது.

குருநகர், நாவாந்துறைப் பக்கத்தில் இதையே செய்யுங்கள் என்று சொல்லத் தயங்குவேன். கடல் மட்டத்தோடு ஒட்டிய இடத்தில் தண்ணீர் வடிவதே வேறு கதை. அங்கே நான் வீடு கட்டியதில்லை. நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால், கிணற்றைச் சுற்றியும் வேலியோரமும் ஒரு பகுதியை மண்ணாகவே விடுங்கள். மதிலின் அடியில் தண்ணீர் போக வழி வைத்து, அதை வெள்ளவாய்க்காலோடு சேர்த்துவிடுங்கள்.