பிளக் மரை போனதற்கு ஹெட்டையே மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்

பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குத் தேங்காய் ஏற்றிப் போகும் மினி லாரி என்னுடையது. நான்கு சிலிண்டர் எஞ்சின், சிஎன்ஜி என்னும் இயற்கை எரிவாயுவில் ஓடுவது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே இந்த வண்டியால்தான். அதில் ஒரு பட்டறைக்காரர் செய்த காரியம் இன்னொரு வண்டிக்காரருக்கு நடக்கக் கூடாது.

கேஸ் வண்டிக்கு, எஞ்சினுக்குள் தீப்பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். பெட்ரோலைவிடக் கேஸைப் பற்றவைக்க அதிக மின்னழுத்தம் தேவைப்படுவதால் பிளக் முனை சீக்கிரம் தேய்கிறது. அன்று லோடு இறக்கிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. "சூடாக இருக்கிறதே, ஆறட்டுமா?" என்று கேட்டேன். "ஐந்து நிமிட வேலை அண்ணா, நீங்கள் டீ சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்றார். நான் போயிருக்கவே கூடாது. திரும்பி வந்தபோது, கம்ப்ரசர் காற்றில் ஓடும் கன்னை வைத்துப் பிளக்குகளை முடுக்கிக்கொண்டிருந்தார். கடைசிப் பிளக்குக்கு மட்டும் நெடுநேரம் ஆனது. என்னவென்று கேட்டதற்கு இடம் குறுகல் என்றார். 2,600 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள், கிணத்துக்கடவு தாண்டியதும் இருக்கைக்கு அடியில் வெடிச்சத்தம். அதைத் தொடர்ந்து டப் டப் என்று காற்று அடிக்கும் சத்தம், கேஸ் வாடை. ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, முதல் வேலையாகக் கேஸ் சிலிண்டரின் வால்வை மூடினேன். இருக்கையைத் தூக்கிப் பார்த்தால் நான்காவது பிளக் துளையை விட்டுத் தெறித்து வெளியே கிடந்தது. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் இரண்டாக உடைந்திருந்தது. பிளக்கை எடுத்துப் பார்த்தேன். அதன் மரையில், அதாவது திருகு வரிகளில், ஹெட்டின் (எஞ்சினின் மேல்மூடி) அலுமினியம் தேங்காய்த் துருவல் போல ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் கருகிய சாம்பல் நிறப் பசை. நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. குழாய் ஓட்டை அடைக்கும் பசையைத் தடவிப் பிளக்கை ஒட்டவைத்து அனுப்பியிருக்கிறார்!

பிளக்கின் சூடு மரை வழியாகவும் அடி வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்கு இறங்க வேண்டும். நடுவில் பசை இருந்தால் சூடு இறங்காது. பிளக் பழுக்கக் காய்ந்து, நேரத்துக்கு முன்பே எரிபொருளைப் பற்றவைத்து, பிஸ்டனையே ஓட்டையாக்கிவிடும். மரை போய்விட்டது என்று அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருக்க மாட்டேன். கைத்தவறு யாருக்கும் வரும். மறைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு அதே பட்டறைக்குப் போனேன். கூசாமல், "உங்கள் ஹெட் பழசு அண்ணா, மரை தானாகவே தேய்ந்துவிட்டது. புது ஹெட்தான் போட வேண்டும், கூலியோடு 42,000 ஆகும், பழைய ஹெட்டை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்றார். லோடு நிற்கிறதே என்ற பதற்றத்தில் 10,000 முன்பணம் கொடுத்துவிட்டேன்.

அன்றிரவு உறவினர் ஒருவர் சொல்லித்தான் கோவையில் லேத் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். போனிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "ஹெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை தம்பி, மரைதான் போயிருக்கிறது. கழற்றிக் கொண்டுவா" என்றார். வண்டியை மீட்டு, வேறொரு மெக்கானிக்கிடம் ஹெட்டைக் கழற்றிக் கொண்டுபோனேன். என் கண் முன்னாலேயே துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளும் புறமும் மரையுள்ள குட்டைக் குழல் போன்ற எஃகு புஷ்ஷை இறக்கினார். ஹெட்டைக் கழற்றாமலே செய்ய முடியாதா என்று கேட்டேன். மரை வெட்டும் கருவியான டேப்பில் கிரீஸ் தடவிச் செய்பவர்கள் உண்டாம். ஆனால் ஒரு சுருள் அலுமினியம் சிலிண்டருக்குள் விழுந்தாலும் சுவரைக் கீறிவிடும் என்பதால் அவர் அப்படிச் செய்வதில்லை. புது ஹெட் கேஸ்கெட்டும் காயிலும் சேர்த்து மொத்தம் 9,800 ரூபாய்தான் ஆனது.

புஷ் போடுவது ஒட்டுப்போடும் வேலை, நிற்காது என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். அமெரிக்காவில் ஃபோர்டின் டிரைட்டான் வி8 எஞ்சின்களில், பழைய ஹெட்களில் பிளக்கைப் பிடிக்க நான்கைந்து சுற்று மரைதான் இருந்தது. பிக்கப் லாரிகளில் பிளக் தெறிப்பது அங்கே பெரிய புகாரானது. கடைசியில் அந்த நிறுவனமே ஹெட்டை மாற்றாமல் புஷ் போட்டுச் சரிசெய்யும் முறையை 2007-இல் டீலர்களுக்கு அறிவித்தது.

பிளக் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிளக்கை முதலில் விரலால் திருக வேண்டும். இரண்டு சுற்றிலேயே இறுகினால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், வெளியே எடுக்கச் சொல்லுங்கள். 14 மில்லிமீட்டர் மரையும் வாஷரும் உள்ள பிளக் என்றால் அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். கன்னை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், கூச்சப்படாதீர்கள்.

முன்பணத்தில் அந்தப் பட்டறைக்காரர் 4,000 மட்டுமே திருப்பித் தந்தார். மீதி 6,000 பரிசோதனைக் கூலியாம், ரசீதும் கிடையாது. பசை ஒட்டிய பிளக்கையும் உடைந்த காயிலையும் ஒரு டப்பாவில் போட்டு வண்டியிலேயே வைத்திருக்கிறேன். அவற்றோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன். இப்படிப் புகார் கொடுத்துப் பணம் திரும்பப் பெற்றவர்கள் யாராவது இருந்தால், மனு எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.