குப்பைக்குக் காசு: வீட்டுக்கா, சதுர அடிக்கா, பைக்கா, எடைக்கா?

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் வந்தால் எங்கள் வீட்டுக் குப்பை வாளி இரண்டு மடங்கு கனக்கும். தோலும் கொட்டையுமாக, அதிலும் விருந்தாளி வந்த வாரம் என்றால் கேட்கவே வேண்டாம். சீசன் முடிந்தால் பழையபடி இறங்கிவிடும். கட்டணம் மட்டும் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

குப்பைக்குக் காசு வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. பயனாளர் கட்டணம் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வந்துவிட்டது, காலையில் தெருத் தெருவாக வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும். எப்படி வாங்குகிறோம் என்பதுதான் என் கேள்வி.

நம் மாநிலத்தில் பல ஊர்களில் இருப்பது வீட்டுக்கு இவ்வளவு என்று சொத்து வரியோடு சேர்த்து வாங்கும் முறை. வசூல் சுலபம். அதைவிடப் பெரிய நன்மை, காசு ஏற்கெனவே கட்டியாகிவிட்டதால் ஓடையில் கொண்டுபோய்க் கொட்ட யாருக்கும் காரணம் இல்லை, வண்டியில் போட்டால் முடிந்தது. ஆனால் குப்பையைக் குறைக்கவும் காரணம் இல்லை. நாங்கள் மொட்டை மாடியில் இரண்டு பழைய பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு, தென்னை நார்த்தூளும் புளித்த மோரும் சேர்த்து உரம் போட ஆரம்பித்த பிறகு வண்டிக்குக் கொடுப்பது பாதிக்கும் கீழே போய்விட்டது. நாங்கள் கட்டுவதும், மீந்த சாம்பாரையும் நாப்கினையும் ஒரே கவரில் முடிந்து கொடுக்கும் வீட்டில் கட்டுவதும் ஒரே தொகை. எனக்கு அது உறுத்துகிறது.

பெங்களூரில் சொந்தக்காரர் இல்லாத வீடு நம் மாவட்டத்தில் குறைவு, அதனால் அங்கே நடப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2025 ஏப்ரலிலிருந்து அங்கே கட்டடப் பரப்பை வைத்துக் கட்டணம்: 600 சதுர அடி வரை மாதம் 10 ரூபாய், 4,000 சதுர அடிக்கு மேல் 400 ரூபாய். சின்ன வீட்டுக்காரருக்குச் சுமை குறைவு, அந்த வகையில் நியாயம்தான். குப்பையைப் பொறுத்தவரை இதுவும் முதல் முறை மாதிரியேதான். பெரிய வீட்டில் வயதான இரண்டு பேர் இருப்பார்கள், 500 சதுர அடியில் ஆறு பேர் இருப்பார்கள். சதுர அடி வசதியைக் காட்டும், வாளியைக் காட்டாது.

பைக்கு விலை வைப்பது வேறு கதை. தைவானின் தைபேயில் முன்பு குப்பைக் கட்டணம் தண்ணீர் பில்லோடு வந்துகொண்டிருந்தது, கிட்டத்தட்ட நம் மாதிரி. 2000 ஜூலையில் அதை நிறுத்திவிட்டு, நகராட்சி விற்கும் பையில் கட்டினால்தான் எடுப்போம் என்றார்கள். கட்டணம் பை விலையிலேயே அடங்கிவிடும், மறுசுழற்சிக்குப் பிரித்துக் கொடுப்பதற்குக் காசு இல்லை. தென்கொரியா இதை 1995லேயே நாடு முழுக்கக் கொண்டுவந்துவிட்டது. இரண்டு இடத்திலும் குப்பை நன்றாகக் குறைந்தது, பிரித்துக் கொடுப்பது பழக்கமானது.

ஆனால் இதன் மறுபக்கமும் முக்கியம். அமெரிக்காவில் சார்லட்ஸ்வில் என்ற ஊரில் 1992ல் பைக்கு 80 சென்ட் வைத்தபோது 75 வீடுகளின் குப்பையை எடை போட்டுப் பார்த்தார்கள். பைகளின் கொள்ளளவு 37 சதவீதம் குறைந்தது, எடையோ 14 சதவீதம்தான். பையை மிதித்து அமுக்கிக் கட்டியிருக்கிறார்கள்! குறைந்த அந்த எடையிலும் கால்பங்குக்கு மேல் வேறெங்காவது கொட்டப்பட்டிருக்கலாம் என்று ஆய்வு செய்தவர்களே கணக்கிட்டார்கள். நம் ஊரில் இதை நினைத்தால் பயமாக இருக்கிறது. காலி மனைக்கும் ஏரிக்கரைக்கும் பஞ்சமில்லை, ராத்திரியில் குவித்துக் கொளுத்தினால் கேட்க ஆளும் இல்லை.

எடைக்குக் காசு, கணக்கில் இதுதான் சுத்தமான முறை. சியோல் அடுக்குமாடிகளில் உணவுக் கழிவுக்கென்று தனித் தொட்டி இருக்கும், அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும், போட்டது எத்தனை கிலோ என்று காட்டி அந்த வீட்டுக் கணக்கில் ஏறும். சோற்றில் இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டுப் போட்டால் அந்த அளவுக்குக் காசு மிச்சம். நமக்கு இது ஒத்துவராது. தனித்தனி வீடுகள், பேட்டரி வண்டி ஒவ்வொரு வாசலிலும் நின்று எடை போட்டுப் பார்த்தால் மத்தியானம் வரை ஒரு தெருவே முடியாது.

சரி, எதை எடுப்பது? நம்மிடம் ஏற்கெனவே விலை வைத்துப் பிரிக்கும் முறை ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது: பழைய பேப்பர்க்காரர். அட்டை, இரும்பு, பாட்டில் எதையும் நாம் குப்பையில் போடுவதில்லை, கிலோவுக்குக் காசு வருகிறதே. மிச்சம் மக்கும் குப்பையும் கலந்த குப்பையும்தான். அதனால் என் தேர்வு, வீட்டுக்கு ஒரு சின்ன நிலையான கட்டணம், ஓடைப் பக்கம் யாரையும் தள்ளாத அளவுக்கு. பிரித்துக் கொடுத்தால், அல்லது வீட்டிலேயே உரம் போட்டால், அதில் பெரிய தள்ளுபடி. கலந்து கொடுத்தால் முழுக் கட்டணம். மாம்பழத் தோலுக்கு அபராதம் மாதிரி எதுவும் கூடாது, அது எளிதாக மண்ணாகிற பொருள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தள்ளுபடியைச் சொத்து வரியில் கழித்தால் அது வீட்டு ஓனருக்குப் போகும், பிரித்துக் கொடுக்கும் குடித்தனக்காரருக்கு ஒன்றும் வராது. பால் அட்டை மாதிரி வீட்டுக்கொரு அட்டை கொடுத்து, குப்பை எடுக்க வரும் அக்கா அதில் தினம் குறித்து, மாதக் கடைசியில் கட்டணத்தைக் குடியிருப்பவரிடமே நேராக வாங்கிக்கொண்டால் இது தீரும். குறிப்பதும் ஒரு வேலைதான், அதற்கு அந்த அக்காவுக்குத் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும்.